சத்தமிடும் வன்தட்டிலிருந்து தரவை மீட்பது எப்படி

ஒரு வன்தட்டின் இயந்திரப் பாகங்கள் பழுதடையத் தொடங்கிய பின்னர் அதற்கு மிஞ்சியிருப்பது சொற்ப நேர வாசிப்பு மட்டுமே. அது ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், ஒரு வாரமாகவும் இருக்கலாம். முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. அந்த நேரத்தை எதற்குச் செலவிடுகிறோம் என்பதில்தான் மீட்பு வேலை அடங்கியிருக்கிறது. கணினியை நாலைந்து முறை அணைத்துப் போட்டுப் பார்ப்பதிலும், விண்டோஸ் கேட்கிறதே என்று பிழை திருத்தும் நிரலை ஓடவிடுவதிலும், பக்கத்து வீட்டுக் கணினியில் ஒருமுறை, கடையில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதிலும் பல வன்தட்டுகளின் கடைசி நேரம் கரைந்துபோகிறது.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் கணினி திருத்தும் கடைகள் இருக்கின்றன. ஆனால் வன்தட்டைத் திறந்து அதன் வாசிப்புத் தலைகளை மாற்றும் அளவுக்கு வசதி வேண்டுமானால் பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான் போக வேண்டும். ஆகவே எந்தப் பழுதை வீட்டிலேயே கையாளலாம், எதைத் தொடாமல் பொதிசெய்து அனுப்ப வேண்டும் என்பதைப் பிரித்தறிவது மலையகத்தில் இருப்பவருக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. திருமணப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர், தவணைப் பரீட்சைத் தாள்களை வைத்திருக்கும் ஆசிரியர், செக்ரோல் கணக்குப் பார்க்கும் தோட்டக் கிளாக்கர் ஆகிய எவரும் செய்யக்கூடிய வேலை இதில் கணிசமாக உண்டு. கணினியைத் திறந்து வன்தட்டைக் கழற்றி மாட்டத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

வன்தட்டின் உள்ளே கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் வாசிப்புத் தலைகள் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தில், சில நானோமீற்றர் உயரத்தில் மிதக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசுத்துகள்கூட அந்த இடைவெளியைவிட ஆயிரம் மடங்கு அளவுக்குப் பெரியது. வன்தட்டின் மூடியை வீட்டிலோ கடையிலோ எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

நல்ல நிலையில் உள்ள வன்தட்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் மெல்லிய சுழற்சி ஒலி படிப்படியாக உயர்ந்து ஒரே நிலையில் நிற்கும். சில விநாடிகளில் தலைகள் தட்டின்மேல் நகர்ந்து வரும் சிறிய ‘டக்’ ஒலி ஒருமுறை கேட்கும். அதற்குப் பிறகு அமைதியாக இருக்க வேண்டும். வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வன்தட்டை மேசைமேல் மட்டமாக வைத்து, ஒரே ஒரு முறை மின்சாரம் கொடுத்துக் கேளுங்கள். கேட்டது என்னவென்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. பின்னர் மீட்பு நிலையத்திடம் விளக்குவதற்காக மீண்டும் ஓடவிட வேண்டியிராது.

சீரான இடைவெளியில் ‘டக், டக், டக்’ என்று அடித்துக்கொண்டு, சற்று நேரத்தில் சுழற்சியும் நின்றுபோனால், தட்டில் எழுதப்பட்டுள்ள வழிகாட்டிக் குறிகளைத் தலைகளால் வாசிக்க முடியவில்லை என்று கொள்ளலாம். பெரும்பாலும் தலைகளில் ஒன்றாவது சேதமடைந்திருக்கும். சுழலாமல் ‘பீப்’ என்றோ ரீங்காரம் போலவோ சத்தம் வந்தால் மோட்டார் திரும்ப முயன்று தோற்கிறது. மடிக்கணினி கீழே விழுந்த பின்னர் தலைகள் தட்டின்மேல் ஒட்டிக்கொள்வதும், சுழலச்சின் தாங்கி இறுகிப்போவதும் இதற்குக் காரணமாகின்றன. உலோகம் உரசுவது போன்ற கீச்சொலி கேட்டால் அந்தக் கணமே மின்சாரத்தைத் துண்டியுங்கள். தலை தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. சுரண்டப்பட்ட காந்தப் பூச்சில் இருந்த தரவை உலகில் எந்த நிலையத்தாலும் திருப்பித் தர முடியாது. இந்த மூன்று நிலைகளிலும் வீட்டு வேலை அத்துடன் முடிந்துவிடுகிறது. மென்பொருள் எதுவும் உதவாது.

எந்தச் சத்தமும் இல்லாமல், சுழற்சியின் அதிர்வுகூடக் கையில் உணரப்படாமல் இருந்தால் பழுது இயந்திரத்தில் அல்லாமல் மின்சுற்றில் இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் கேபிளையும் மின் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால், மழைக்கால இடிமின்னலுக்குப் பிறகு நேர்ந்த பழுதா என்று யோசித்துப் பாருங்கள். மின்சுற்றுப் பலகையில் மிகை மின்னழுத்தத்தைத் தாங்கித் தன்னைப் பலிகொடுக்கும் சிறிய டயோடுகள் இருக்கின்றன. 5 வோல்ட் வழியிலோ 12 வோல்ட் வழியிலோ உள்ள அந்த டயோடு குறுக்கிணைப்பாகிப் போனால் வன்தட்டு முற்றிலும் செத்ததுபோல் தோன்றும். மல்ட்டிமீற்றரும் பற்றவைக்கும் கைப்பழக்கமும் உள்ள மின்னணுத் திருத்துநர் அதைக் கண்டுபிடித்து அகற்றித் தரவை நகலெடுக்கும் வரை இயங்க வைக்க முடியும். அதே மாதிரிப் பலகை ஒன்றை வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. இன்றைய வன்தட்டுகளில் அது வேலை செய்வதில்லை. அந்தந்த வன்தட்டுக்கே உரிய அளவீடுகள் பலகையிலுள்ள ஒரு நினைவகச் சில்லில் பதிந்திருப்பதால், அந்தச் சில்லையும் கழற்றிப் புதிய பலகைக்கு மாற்றினால்தான் பயன் உண்டு.

இனி மிஞ்சியிருப்பது, விசித்திரமான சத்தம் ஏதுமின்றிச் சுழன்றும், கணினியில் தோன்றியும், கோப்புகளைத் திறக்கும்போது மட்டும் உறைந்துபோகின்ற அல்லது மிக மெதுவாகிவிடுகின்ற வன்தட்டு. உங்களால் மீட்க முடிந்தது இதுதான். கீழே வரும் செய்முறைகள் இந்த வகைக்கு மட்டுமே பொருந்தும்.

மலைநாட்டின் குளிரும் ஈரமும் மின்சாரமும்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தலைகள் காற்றின்மேல் மிதப்பதால், காற்று மெலிந்த உயரத்தில் வன்தட்டு சீக்கிரம் கெட்டுவிடுமோ என்ற ஐயம் நியாயமானதுதான். ஆனால் சாதாரண வன்தட்டுகள் ஏறத்தாழ 3000 மீற்றர் வரை இயங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகின்றன; பீதுருதலாகலையின் உச்சியே 2524 மீற்றர்தான். ஆகையால் உயரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வன்தட்டின் மூடியில் காணப்படும் சிறிய துளை, உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாவதற்காக வடிகட்டியுடன் வைக்கப்பட்டது. அதன்மேல் ஸ்டிக்கரோ டேப்போ ஒட்டாதீர்கள். ஹீலியம் நிரப்பி அடைக்கப்பட்ட பெரிய கொள்ளளவு வன்தட்டுகளுக்கு அத்தகைய துளை கிடையாது.

ஈரந்தான் இங்கே உண்மையான எதிரி. வன்தட்டுகள் காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும். அது நீர்த்துளியாகப் படிவதைத் தாங்கா. மார்கழிக் குளிரில் இரவெல்லாம் கிடந்த வன்தட்டை அடுப்படி போன்ற வெதுவெதுப்பான இடத்துக்குக் கொண்டுவந்தாலும், காலையில் நானுஓயாவில் ரயிலேறி மாலையில் கொழும்பின் புழுக்கத்தில் பையைத் திறந்தாலும் குளிர்ந்த உலோகத்தின்மேல் ஈரம் படியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே கொண்டுபோய், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் திறக்காமல் வைத்திருந்து, அதன்பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். வன்தட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறைக்குள் ஒரு இரவு வைத்தால் உயிர்பெறும் என்ற பழைய யோசனையை இந்தக் காரணத்துக்காகவே புறந்தள்ளுங்கள். வெளியே எடுத்த மறுகணமே தட்டுகளின்மேல் ஈரம் படிந்து, ஓரளவு நன்றாக இருந்த தலைகளும் போய்விடும்.

மூடுபனி அடிக்கடி இறங்கும் இடங்களில், மின்சுற்றுப் பலகைக்கும் வன்தட்டின் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தொடுபுள்ளிகளில் கறுப்புப் படிவதுண்டு. பலகை வெளிப்புறத்தில் இருப்பதால் அதைக் கழற்றுவது வன்தட்டைத் திறப்பதாகாது. நட்சத்திர வடிவ முனையுள்ள சிறிய திருகாணிச் சாவியால் திருகுகளைக் கழற்றி, தொடுபுள்ளிகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை மென்தூரிகையால் அகற்றி மீண்டும் பூட்டலாம். மெதுவாக இயங்கிய வன்தட்டு இதனால் மட்டுமே சரியாகிவிட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. ஆயினும் கை நிதானம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

வெள்ளத்தில் நனைந்த வன்தட்டுக்கு வேறு முறை. அதை வெயிலில் காயவைக்கவும் கூடாது, தலைமுடி உலர்த்தியால் ஊதவும் கூடாது. உள்ளே சேறு காய்ந்து தட்டில் படிந்துவிடும். மின்சாரமே கொடுக்காமல், ஈரத்தோடு பையில் அடைத்து மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு விடயம். நகலெடுக்கும் வேலை பல மணி நேரம், சில வேளைகளில் நாட்கணக்கில் ஓடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கமானது. மண்சரிவோ மரம் முறிவதோ மின்கம்பியை அறுத்துவிட்டால் தோட்டப் பகுதிகளில் மின்சாரம் எப்போது வருமென்று சொல்ல முடியாது. நலிந்த வன்தட்டுக்கு ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் ஒவ்வொரு மறுதொடக்கமும் ஓர் அடிதான். யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். சொந்தமாக இல்லாவிட்டால் இரண்டு நாளைக்கு இரவல் வாங்குங்கள். அது தரும் சில நிமிடங்கள், நகலெடுப்பை முறைப்படி நிறுத்திக் கணினியை அணைக்கப் போதுமானவை.

தொடங்குவதற்கு முன்

முதல் வேலை ஒரு தாளில் எழுதுவது. அந்த வன்தட்டில் இருப்பவற்றில் வேறெங்கும் கிடைக்காதவை எவை? திரைப்படங்களும் பாட்டுகளும் மென்பொருள்களும் திரும்பக் கிடைக்கும். அம்மப்பாவின் கடைசிப் படம் கிடைக்காது. இந்தப் பட்டியல் இருந்தால்தான், இடையில் வன்தட்டு மோசமாகும்போது எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்க முடியும்.

அடுத்து, நகல் சேர்வதற்கான இடம். பழுதான வன்தட்டு 1 டெராபைட் என்றால், 2 டெராபைட் அளவுள்ள நல்ல வன்தட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு ஒவ்வொன்றுக்கும் 4 ஜிகாபைட் எல்லையுள்ள பழைய ஃபேட் 32 அமைப்பில் அது இருந்தால் நகல் பாதியில் நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது ஈஎக்ஸ்டி 4 ஆக இருக்க வேண்டும்.

விண்டோஸைக் கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வன்தட்டைச் செருகியதும் விண்டோஸ் அதைத் தானாகவே படிக்கத் தொடங்குகிறது, சிறுபடங்களை உருவாக்குகிறது, பிழை திருத்தவா என்று கேட்கிறது, சில வேளைகளில் கேட்காமலே எழுதவும் செய்கிறது. குறிப்பாகச் செக்டிஸ்க் என்ற பிழை திருத்தும் நிரல், கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவதற்காக உருவானதே அன்றித் தரவைக் காப்பாற்றுவதற்காக உருவானதல்ல. வாசிக்க முடியாத கோப்புறைகளை அது கழித்துக் கட்டிவிடும். அதற்குப் பதிலாக, பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் பயன்படுத்துங்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ என்பது இதற்கென்றே அமைந்தது, இலவசமானது, தேவையான கருவிகள் அனைத்தும் அதிலேயே இருக்கின்றன. நல்ல இணைய இணைப்புள்ள இடத்தில் தரவிறக்கி, வேறொரு கணினியில் பென் டிரைவைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வன்தட்டை இயன்றவரை மேசைக் கணினியின் சாட்டா இணைப்பில் நேரடியாக மாட்டுங்கள். யூஎஸ்பி மாற்றிகள் பழுதான செக்டர்களில், அதாவது தரவு பதியப்படும் சிறு சிறு பகுதிகளில், திணறி, வன்தட்டையே இணைப்பிலிருந்து துண்டித்துவிடுவதுண்டு. வெளிப்புற வன்தட்டுகளில் சிலவற்றுக்கு யூஎஸ்பி இணைப்பு மின்சுற்றுப் பலகையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றிப் பார்த்தால் சாட்டா முனை இராது. அவற்றை அப்படியே யூஎஸ்பி வழியாகவே வாசிக்க வேண்டியதுதான். அவற்றுள் சில, அந்தப் பலகை இன்றி வாசிக்க முடியாதபடி தரவைத் தாமாகவே மறையாக்கம் செய்தும் வைப்பதால், பலகையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

கணினியை இயக்கியதும் இணைந்துள்ள வன்தட்டுகளின் பெயர், மாதிரி எண், கொள்ளளவு ஆகியவற்றைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுங்கள். பழுதான வன்தட்டு தன் மாதிரி எண்ணையும் கொள்ளளவையும் சரியாகச் சொல்ல வேண்டும். பெயர் குழம்பியிருந்தாலோ கொள்ளளவு பூச்சியம் என்று காட்டினாலோ, வன்தட்டின் உள் மென்பொருளோ தலைகளோ கெட்டிருக்கின்றன, அணைத்துவிடுங்கள்.

சரியாகச் சொன்னால், ஸ்மார்ட் எனப்படும் சுயகண்காணிப்புத் தகவலைப் பாருங்கள். “நலம்” என்று அது தரும் ஒட்டுமொத்தத் தீர்ப்பை நம்பாதீர்கள். சாகும் நிலையிலுள்ள வன்தட்டும் அதைச் சொல்லும். 5 ஆம் இலக்கம் மாற்றீடு செய்யப்பட்ட செக்டர்களையும், 197 ஆம் இலக்கம் வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களையும், 198 ஆம் இலக்கம் திருத்தவே முடியாதவற்றையும் காட்டுகின்றன. இவை பூச்சியமாக இருந்து 199 ஆம் இலக்கம் மட்டும் ஏறியிருந்தால் கேபிளில்தான் கோளாறு. கேபிளை மாற்றியதும் வன்தட்டு சுகமாகிவிட்டால் மகிழ்ச்சியடைந்து, அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

நகலெடுத்தல்

பொதுவான வழிகாட்டிகள் எப்போதும் முழு வன்தட்டையும் முதலில் நகலெடுக்கச் சொல்கின்றன. பெரும்பாலும் அதுவே சரி. ஆனால் வன்தட்டு சத்தமின்றி ஓடி, காத்திருக்கும் செக்டர்கள் சிலவே இருந்து, உங்களுக்குத் தேவையானது ஓரிரு ஜிகாபைட் அளவுள்ள ஒரே கோப்புறை என்றால், வாசிப்பதற்கு மட்டும் என்ற முறையில் வன்தட்டை இணைத்து அந்தக் கோப்புறையை முதலில் எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம் என்று நான் கருதுகிறேன். 1 டெராபைட்டில் தேவையற்ற படங்களை வாசிப்பதற்கு வன்தட்டின் ஆயுளைச் செலவிட்டுவிட்டுத் தேவையானதை அடையும் முன் அது நின்றுபோனால் யாரை நோவது? கோப்புறை திறக்கவே தாமதித்தால் இந்த வழியை உடனே கைவிட்டு, முழு நகலுக்குப் போங்கள்.

முழு நகலுக்கான கருவி ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் 2004 இல் முதன்முதலாக வெளியிட்ட இந்த இலவச நிரல், சாதாரண நகலெடுப்பிலிருந்து ஒரு முக்கிய வகையில் வேறுபடுகிறது. சாதாரண நகலெடுப்பு கெட்ட செக்டரில் முட்டி நின்று, அதையே திரும்பத் திரும்ப வாசிக்க முயன்று தலையை நோகடிக்கும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தொட்டதும் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறது. கெட்ட இடங்கள் அடுத்தடுத்து வந்தால் தாண்டும் தூரத்தைக் கூட்டிக்கொள்கிறது. எளிதில் கிடைப்பதையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, பிறகு கெட்ட பகுதிகளின் ஓரங்களைச் சீவுகிறது, அதன்பின் எஞ்சியதைச் செக்டர் செக்டராகச் சுரண்டுகிறது, கடைசியாகத்தான், நாம் கேட்டால் மட்டும், மறுமுயற்சி செய்கிறது. எதை வாசித்தோம், எது எஞ்சியிருக்கிறது என்ற கணக்கை ஒரு வரைபடக் கோப்பில் தொடர்ந்து எழுதி வருகிறது. இந்த வரைபடக் கோப்பு இருக்கும்வரை எத்தனை முறை நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அது இல்லாமல் இந்த நிரலை ஓட்டுவது வீண்.

கட்டளையின் ஒழுங்கு இவ்வாறு அமையும்: நிரலின் பெயர், தெரிவுகள், பழுதான வன்தட்டின் பெயர், நகல் சேரும் கோப்பு, கடைசியில் வரைபடக் கோப்பு. வாசிக்கப்படுவது முன்னே, எழுதப்படுவது பின்னே. இந்த ஒழுங்கை மாற்றி எழுதி, வெற்று வன்தட்டைப் பழுதான வன்தட்டின்மேல் நகலெடுத்தால் மீட்பதற்கு எதுவும் இராது. என்டர் விசையை அழுத்தும் முன் மாதிரி எண்ணையும் வன்தட்டின் பெயரையும் மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு இரண்டு தெரிவுகள் போதும். சிற்றெழுத்து ‘டி’ என்ற தெரிவு, இயங்குதளத்தின் இடைநினைவகத்தைத் தவிர்த்து வன்தட்டை நேரடியாக வாசிக்கச் சொல்கிறது. சிற்றெழுத்து ‘என்’ என்ற தெரிவு, செக்டர் செக்டராகச் சுரண்டும் கட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்கிறது. நலமான வன்தட்டு விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் வாசித்தால் 1 டெராபைட்டை முடிக்க ஏறத்தாழ 2 மணி 47 நிமிடங்கள் ஆகும். நலிந்த வன்தட்டு விநாடிக்கு 5 மெகாபைட்டில் ஊர்ந்தால் 55 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். திரையில் வேகம் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள். வன்தட்டை மட்டமாக, அதிராத இடத்தில் வைத்து, கையால் தொட்டால் சுடாதபடி ஒரு சிறிய மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். இயங்கும்போது அதை நகர்த்தவே கூடாது.

ஆனால் காதைத் தீட்டியே வைத்திருங்கள். புதிதாக ‘டக், டக்’ தொடங்கினால், கண்ட்ரோல் விசையையும் ‘சி’ விசையையும் சேர்த்து அழுத்தி நிறுத்திக் கணினியை முறைப்படி அணையுங்கள். அதுவரை எடுத்தது பத்திரமாக இருக்கும். நகலின் வரைபடத்தைப் படமாகக் காட்டும் டிடிரெஸ்க்யூவியூ என்ற நிரலில் பார்க்கும்போது, நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் வன்தட்டு முழுவதும் சீரான கோடுகளாக மாறி மாறி வந்தால், பல தலைகளில் ஒன்று இறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் எத்தனை நாள் ஓட்டினாலும் அந்தக் கோடுகள் நிரம்பப் போவதில்லை. விடுபட்ட பகுதி முக்கியமென்றால் நிறுத்திவிட்டு நிலையத்துக்கு அனுப்புங்கள்.

அப்படியன்றிக் கெட்ட இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், ‘என்’ தெரிவை நீக்கிவிட்டு அதே வரைபடக் கோப்புடன் மீண்டும் ஓட்டுங்கள். பெருமளவு இதிலேயே கிடைத்துவிடும். இன்னும் எஞ்சியிருந்தால், மூன்று மறுமுயற்சிகள் வரை கொடுத்துப் பார்க்கலாம். பின்பக்கமிருந்து வாசிக்கச் சொல்லும் பேரெழுத்து ‘ஆர்’ தெரிவும் சில வேளைகளில் பலன் தருகிறது. 99 வீதத்துக்கு மேல் வந்த பிறகு கடைசி சில மெகாபைட்டுக்காக இரவு பகலாக வன்தட்டை வதைப்பதில் பொருளில்லை.

பெரிய வன்தட்டில் பாதிக்கு மேல் வெற்றிடமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. பார்ட்குளோன் என்ற நிரல், கோப்பு அமைப்பின் குறிப்பேட்டைப் பார்த்து, தரவு இருக்கும் பகுதிகளை மட்டும் சுட்டும் வரைபடம் ஒன்றை உருவாக்கித் தரும். அந்த வரைபடத்தை எல்லையாகக் கொடுத்தால் டிடிரெஸ்க்யூ வெற்றிடத்தைத் தொடாது. சற்றுப் பழகியவர்களுக்கான வேலை இது.

நகலிலிருந்து கோப்புகளை எடுத்தல்

நகல் முடிந்ததும் பழுதான வன்தட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். இனி எல்லா வேலையும் நகலின்மேல்தான். அதிலும் எதையும் எழுத நேர்ந்தால், நகலுக்கு இன்னொரு நகல் எடுத்து அதன்மேல் எழுதுங்கள். கோப்பு அமைப்பு நல்ல நிலையில் இருந்தால், நகலை வாசிப்பதற்கு மட்டும் இணைத்து, கோப்புறைகளை வழக்கம்போல் பிரதி செய்துகொள்ளலாம். வன்தட்டு எந்தெந்தப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்று காட்டும் அட்டவணை சிதைந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற நிரல் உதவும். அதுவும் கைகொடுக்காதபோது அதன் துணை நிரலான ஃபோட்டோரெக்கை நாடலாம்; இவை இரண்டையும் உருவாக்கியவர் கிறிஸ்டோஃப் கிரெனியே. ஃபோட்டோரெக் கோப்பின் தொடக்கத்திலுள்ள அடையாளத்தைக் கொண்டு தேடுவதால், படங்களும் ஆவணங்களும் பெயரின்றி, கோப்புறையின்றி, எண்களாக வந்து குவியும். கோயில் தேர்த் திருவிழாப் படங்களையும் பிறந்தநாள் படங்களையும் பிரிக்கும் வேலை அதன்பின் தொடங்குகிறது.

ஆவணங்களைச் சோதிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கடிதங்களும் வினாத்தாள்களும் நம் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் ஏராளம். மீட்பு வேலை செய்யும் லினக்ஸில் அந்த எழுத்துரு இராது. ஆகவே ஆவணம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு சிதைந்துவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பாமினி நிறுவப்பட்ட கணினியில் திறந்து பார்த்த பின்னரே முடிவெடுங்கள். இதே காரணத்தால், யூனிகோட் தமிழில் சொல்லைத் தட்டச்சிட்டுத் தேடினாலும் அந்தக் கோப்புகள் அகப்படா.

எந்தக் கோப்புகள் கெட்ட செக்டர்களில் சிக்கின என்பதை அறிய டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறை பயன்படும். நகலின் பிரதியில், வாசிக்கப்படாத செக்டர்களில் மட்டும் ஏதேனும் ஓர் அடையாளச் சொல்லை எழுதச் சொல்லி, பிறகு அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புகளில் இருக்கிறதென்று தேடினால் சேதமானவற்றின் பட்டியல் கிடைத்துவிடும். ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

மடிக்கணினியில் பிட்லாக்கர் மறையாக்கம் இருந்தால் நகல் முழுவதும் வந்தாலும் 48 இலக்க மீட்புத் திறவெண் இல்லாமல் திறக்காது. பலருக்குத் தம் கணினியில் அது செயற்படுவதே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று வேலையைத் தொடங்கும் முன்னரே பார்த்துவிடுங்கள்.

கொழும்புக்கு அனுப்புவதாயின்

நிலைமின் தடுப்புப் பையில் வன்தட்டை இட்டு, சுற்றிலும் சில சென்ரிமீற்றர் தடிப்புக்குக் குமிழ் உறை சுற்றி, அசையாதபடி பெட்டியில் வையுங்கள். கினிகத்தேனை, கித்துல்கலை வளைவுகளில் பஸ்ஸின் மேற்றட்டில் உருண்டுகொண்டு போவதைவிட மடியில் வைத்துக்கொண்டு போவது மேல். ரயில் இன்னும் நல்லது.

நிலையத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. தூசு வடிகட்டிய பணிமேடை இருக்கிறதா? பிசி 3000 அல்லது டீப்ஸ்பார் போன்ற சிறப்புக் கருவி இருக்கிறதா? பழுதைப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணமா? தரவு கிடைக்காவிட்டால் என்ன அறவிடுவார்கள்? உதிரி வன்தட்டின் விலை யார் பொறுப்பு? தலை மாற்றுவதற்கு அதே மாதிரியைச் சேர்ந்த இன்னொரு வன்தட்டிலிருந்து தலைகளை எடுக்க வேண்டியிருப்பதால் அந்தச் செலவு தனியாக வரக்கூடும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு, சம்மதம் சொல்லும்வரை திறக்க வேண்டாம் என்றும், மீட்டாலும் மீட்காவிட்டாலும் பழைய வன்தட்டைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்லுங்கள். உள்ளூர்க் கடையில் கொடுப்பதானால், “ஃபோமட் செய்ய வேண்டாம், செக்டிஸ்க் ஓட்ட வேண்டாம், விண்டோஸ் போட வேண்டாம்” என்று ஒரு தாளில் எழுதி வன்தட்டின்மேலேயே ஒட்டிக் கொடுங்கள். கடையில் வாங்கி வைப்பவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர்.

வீட்டில் செய்து முக்கியமானவை எல்லாம் கிடைத்து, இரண்டு தனித்தனி இடங்களில் பிரதியும் வைத்த பிறகு, பழைய வன்தட்டை மேலும் சில மாதங்கள் வைத்திருங்கள். விடுபட்ட கோப்பு ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வரும். எறியும்போது அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அடையாள அட்டைப் பிரதிகளும் வங்கிக் கடிதங்களும் அதில் இன்னமும் வாசிக்கத்தக்க நிலையில் இருக்கலாம். இப்போது மூடியைத் திறக்கலாம். மேசைக் கணினி வன்தட்டின் உலோகத் தட்டுகளை வளைத்துக் கீறிவிடுங்கள். மடிக்கணினி வன்தட்டுகளின் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடி; தட்டினால் ஊசித் துண்டுகளாகச் சிதறும். தடித்த துணியில் சுற்றி, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பிள்ளைகள் இல்லாத இடத்தில் உடைத்து, துண்டுகளைத் துணியோடு கட்டி அப்புறப்படுத்துங்கள்.